கடலின் ஆற்றலும் நமது பொறுப்பும்

தாம்பரத்திற்கு அண்மையில், பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அலையாலும், மேல்நீருக்கும் ஆழ்நீருக்குமுள்ள வெப்ப வேறுபாட்டாலும் மின்னாற்றல் பெற ஆய்ந்து வருகிறது. கேரளத்து விழிஞத்தில் 1991-இல் சென்னை ஐ.ஐ.டி. அமைத்த 150 கிலோவாட் அலைமின் நிலையம் இதற்கு முன்னோடி.

புகையில்லா ஆற்றல் என்பதால் தீங்கில்லா ஆற்றல் ஆகிவிடாது. ஆழத்துக் குளிர்நீரில் உரச்சத்து மிகுதி. அதனை மேற்பரப்பில் விட்டால் பாசி பெருகக்கூடும். ஆகவே கருவியை நாட்டுமுன்பே நீரின் வெப்பம், சத்து, மீன்வளம் ஆகியவற்றை அளந்து வைத்தல் வேண்டும். முன்னளவு இன்றேல், பின்வரும் மாற்றத்திற்குக் கருவி காரணமா, பருவம் காரணமா என எவரே உரைப்பார்?

நாளை நம் கரையில் இத்தகைய கருவி வருமாயின், கோவளத்து மீனவக் குடும்பத்திற்கு அது சோற்றுப் பிரச்சினை. திட்டம் வகுக்குமுன்பே ஆய்வு வேண்டும், அவ்விடத்து மக்களுக்கு அதில் தனியிடம் வேண்டும் எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார். படைப்பைப் பேணுதலும் அயலாரைப் பேணுதலும் ஒரே கடமையன்றோ!