முன்கூட்டி ஒரு நமஸ்காரம்

தென்காசி விசுவநாதர் கோவிலின் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, வாயிலில் ஓயாமல் வீசும் காற்றை வியந்து பேசியபடி உள்ளே செல்கிறவர்களுள் மிகச் சிலரே, அக்கோவிலைக் கட்டுவித்த அரசன் கல்லில் பொறித்து வைத்துவிட்டுப் போன ஒரு விசித்திரமான வணக்கத்தைப் பற்றி அறிந்திருப்பார்கள். மதுரையைப் பறிகொடுத்துத் தெற்கே ஒதுங்கிய பாண்டிய மரபில், 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அரிகேசரி பராக்கிரம பாண்டியன், வடகாசிக்குப் போக இயலாத எளியவர்க்கும் அந்தப் புண்ணியம் கிட்ட வேண்டுமென்று சிற்றாற்றங்கரையில் இக்கோவிலை எழுப்பினான் என்பர். எழுப்பியவன் அதோடு நின்றுவிடவில்லை. இக்கோவிலுக்கு வரக்கூடாத குறை ஏதேனும் பிற்காலத்தில் வந்து சேருமாயின், அதனை நீக்கி இதைக் காப்பவர் யாராயிருந்தாலும் அவரை உலகமறியத் தான் பணிவதாகத் தன் பெயரையும் சேர்த்துச் செய்யுளாகச் சாசனம் செய்துவிட்டான்.

பிறர் பணியத் தான் ஏற்றுக்கொள்வதையே வாழ்நாள் முழுதும் வழக்கமாகக் கொண்ட ஒருவன், இன்னும் பிறவாத, குலமும் கோத்திரமும் தெரியாத, ஒருவேளை தன் பகைவனின் சந்ததியாகவும் இருக்கக்கூடிய ஒருவனுக்குத் தலை வணங்குகிறான் என்றால், அதில் கவித்துவம் இருக்கிறது என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் நாம் நாள்தோறும் வீட்டிலும் கடையிலும் சபைகளிலும் எதிர்ப்படும் ஒரு தர்மசங்கடத்துக்கு அவன் அதில் விடை வைத்திருக்கிறான் என்பதே என் எண்ணம். நாம் அருமையாகக் கருதும் ஒன்றை, நம் அதிகாரம் செல்லாத காலத்தில், நம்மை அறியாத மனிதர் காப்பாற்ற வேண்டுமானால், அவர்களிடம் நாம் எந்தக் குரலில் பேசுவது?

நம் கல்வெட்டுகளில் இதற்கு இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று சாபம்: இந்தத் தர்மத்துக்குத் தீங்கு செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போவான் என்பது. மற்றொன்று, இதைக் காத்தவருடைய பாதம் என் தலைமேல் இருக்கும் என்பது. பாண்டியனின் செய்யுள் இந்த இரண்டாவது மரபிலே பிறந்தது. சாபத்தை முற்றிலும் ஒதுக்கிவிட்டு வணக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது.

சாபமும் தண்டனையும் பயனற்றவை என்று சொல்வது பேதைமை. ஆயினும் பயம் மனத்துக்குள் செய்யும் வேலை நாம் நினைக்கிற மாதிரி நேரானதன்று. இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரில் 10 குழந்தைக் காப்பகங்களை வைத்து உரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிசினி என்னும் பொருளாதார அறிஞர் இருவர் ஒரு பரிசோதனை நடத்தி, அதன் முடிவை 2000-இல் வெளியிட்டார்கள். குழந்தையை அழைத்துப் போகப் பெற்றோர் தாமதமாக வருவது அங்கே வழக்கம். 6 காப்பகங்களில் தாமதத்துக்கு ஒரு சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறைவதற்குப் பதிலாக ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. அதுவரை, காத்திருக்கும் ஆசிரியையின் முகத்தை எண்ணிக் கூசி ஓடி வந்தவர்கள், இப்போது காசு கொடுத்துத் தாமதத்தை வாங்கிக்கொண்டார்கள். இதைவிடக் கவலை தருவது, அபராதத்தை எடுத்த பின்பும் பழைய கூச்சம் திரும்பவில்லை என்பது. கூச்சம் என்பது ஒரு சமூகத்தின் மூலதனம்; அதைச் செலவழித்துவிட்டால் மறுபடி சம்பாதிப்பது அரிது.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு பரிசோதனை உண்டு. ஹோட்டல் அறைகளில் தங்குவோர் ஒரே துவாலையை மறுநாளும் உபயோகித்தால் அதற்கு ஈடாகச் சுற்றுச்சூழல் பணிக்கு நன்கொடை தருவோம் என்று அறிவித்தபோது கேட்டவர் சிலர். விருந்தினர் பெயரால் நன்கொடையை முன்னமே கொடுத்துவிட்டோம், நீங்களும் ஒத்துழையுங்கள் என்று எழுதி வைத்தபோது இணங்கியவர் அதிகம். நிபந்தனை போட்டுக் காத்திராமல் முந்திக்கொண்டு கொடுத்தவனுக்கு மனித மனம் இசைந்து வருகிறது. மனோதத்துவ அறிஞர்கள் ஹோட்டல் துவாலையில் கண்ட இந்த ரகசியத்தை, நம் பாண்டியன் தன் மகுடம் தாழ்த்திச் செய்து பார்த்துவிட்டான்!

அப்படியானால் இது ஒரு தந்திரந்தானே, பணிவினால் பிறரைக் கடன்பட வைக்கும் சாமர்த்தியந்தானே என்று ஒரு வாசகர் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வயது முதிர்ந்த தகப்பனார் கண்ணீரோடு மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டை மட்டும் விற்றுவிடாதே என்று கேட்பதில், அதட்டலைக் காட்டிலும் கொடிய நிர்ப்பந்தம் இருக்கக் கூடும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அந்தத் தகப்பனார் ஒரு குறிப்பிட்ட மகனைப் பிடித்துக்கொள்கிறார். அரசனோ யாரையும் பிடிக்கவில்லை. செய்கிறவருக்கு வணக்கம் உண்டு, செய்யாதவருக்கு வசை இல்லை. மேலும், தன் சிருஷ்டிக்குக் குறை வரும் என்பதை அவன் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். நான் செய்தேன் என்னும் அகங்காரமும் என்னுடையது என்னும் மமகாரமும் தளராத ஒருவனால் அந்த வரியை எழுதியிருக்க முடியாது. எரிக் எரிக்ஸன் என்ற மனோதத்துவ அறிஞர், 1950-இல் வெளியான தம் நூலில் மனித வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பகுத்து, நடுவயதின் முக்கியமான பணி அடுத்த தலைமுறையைப் பேணுவதே என்றார். பேணுவதற்குப் பிடியைத் தளர்த்தத் தெரிய வேண்டும் என்பது அதில் அடங்கிய கஷ்டம்.

வணக்கத்தை ஏற்றுக்கொள்ள ஆட்களும் வந்தார்கள். அவன் காலத்தில் முற்றுப்பெறாத கோபுரத்தை அவன் தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான். அதுவும் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் மூளியாய் நின்றது. தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தன் தலைமையில் நடந்த திருப்பணியால், ஏறத்தாழ 180 அடி உயரத்தில் 9 நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. சாரத்தில் ஏறிக் கலவை சுமந்த சித்தாள் அந்தச் செய்யுளைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. யாராயினும் என்ற சொல்லுக்குள் அவளும் அடக்கம்.

காலத்தில் எட்ட இருப்பவர்களைப் போலவே இடத்தில் எட்ட இருப்பவர்களும் நம் மனக்கண்ணுக்குத் தெரிவதில்லை. தூரம் கூடக் கூட அநுதாபம் மங்கும் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் எழுதிவிட்டார். அதைப் பிரத்தியட்சமாகக் காண வேண்டுவோர், சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போகலாம். பேரருவியில் ஒருவர் தேய்த்துக் கழுவுகிற சோப்பும் சீயக்காயும் அங்கேயே மாயமாகிவிடுவதில்லை. சிற்றாற்றோடு தென்காசியைத் தொட்டு, கீழ்க்கரை ஊர்களைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் போய்ச் சேருகின்றன. 2014-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றுக்குத் தடை விதித்தது. தடை அவசியமானதே, கூட்டத்தைச் சட்டமின்றி அடக்க முடியும் என்று நான் நம்பவில்லை. எனினும் தண்டனைப் பலகைகள் நிற்கும் அந்தப் பாதையில், சோப்பில்லாமல் குளித்துப் போகிறவர்களுக்குச் சிற்றாற்றின் கீழ்க்கரை ஊரார் முன்கூட்டியே நன்றி சொல்லும் பலகை ஒன்றும் இருக்கலாம். ஒரு பருவம் வைத்துப் பார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகிவிடாது. ஆனால் அதில் கையெழுத்திட வேண்டியவர்கள் அதிகாரிகள் அல்லர். அந்த நீரைக் குடிக்கிறவர்கள்.