கரை சேர்ந்த பிள்ளைகள் – 11: பகலில் தூங்குகிறவர்கள்

டோவர் துறைமுகம், கென்ட் கடற்கரை, ரப்பர் படகிலிருந்து நனைந்தபடி இறங்கும் பதினாறு வயதுப் பையன்கள் என்று முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கப்போவதில்லை. பழைய இதழ்களை எடைக்குப் போட்டுவிட்டவர்களுக்காக மட்டும் சுருக்கமாக: பெற்றோர் துணையின்றி இங்கிலாந்து வந்து சேரும் 18 வயது நிரம்பாதவர்களை, 1989ஆம் வருடத்துக் குழந்தைகள் சட்டப்படி உள்ளாட்சிதான் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2024 மார்ச் கடைசியில் அப்படி இருந்தவர்கள் 7,380 பேர். அதில் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போகிறார்கள். இந்த வாரம் வயதை நிர்ணயிக்கும் விசாரணையைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் தூக்கம் குறுக்கே வந்துவிட்டது.

வளர்ப்புப் பெற்றோர் ஆக விரும்புகிறவர்களுக்கு அங்கே முதலில் ஓர் அடிப்படைப் பயிற்சி உண்டு. அனுமதி கிடைத்த 12 மாதங்களுக்குள் முடிக்கவேண்டிய பாடங்கள் தனி. இவை பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கடல் தாண்டி வருகிற பிள்ளைக்கு இது போதாது என்று புரிந்து, 2017 நவம்பரில் அரசு, இவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்றே 1,000 பயிற்சி இடங்களை அறிவித்தது. மொழிபெயர்ப்பாளரை எப்படிப் பயன்படுத்துவது, கடத்தல் கும்பலின் பிடியில் இருக்கிற பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது, முதல் 72 மணி நேரத்தில் பிள்ளை காணாமல் போகும் ஆபத்து ஏன் அதிகம் என்று இத்தகைய பயிற்சிகளில் பல பாடங்கள் உண்டு. எல்லாமே முக்கியமானவைதான். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது தூக்கம்.

வளர்ப்புத் தாய்மார்களின் வழக்கமான புகார் இது. பையன் ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருக்கிறான், அடுப்படியில் நடக்கிறான், போனை நோண்டுகிறான். பகல் இரண்டு மணிவரை எழுந்திருப்பதில்லை. வகுப்பு போயிற்று. சோம்பேறி என்று சொல்ல நாக்கு துடிக்கும் இடம். பயிற்சி இங்கேதான் கையைப் பிடித்து நிறுத்துகிறது: இவன் வந்த வழியைக் கொஞ்சம் யோசியுங்கள். ஈரானிலிருந்து துருக்கிக்கு மலை ஏறியது இரவில். பால்கன் காடுகளைக் கடந்தது இரவில். கலேயில் லாரிக்குள் ஒளிய முயன்றதும் இரவில். பகல் என்பது புதருக்குள் பதுங்கிக் கண்மூடும் நேரம். இரவில் அசந்தால் போலீஸ் பிடிக்கும். இல்லையென்றால் ஏஜெண்ட் விட்டுவிட்டுப் போய்விடுவான். மாதக்கணக்கில் உயிரைக் காத்த பழக்கம், மெத்தையைக் கண்டதும் போய்விடுமா? போதாததற்கு, பதின்வயதில் மெலடோனின் இயல்பாகவே தாமதமாகச் சுரக்கிறது. எந்த ஊர்ப் பிள்ளையும் அந்த வயதில் ராக்கோழிதான்.

கென்ட்டில் இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தினார்கள். பிள்ளைக்குத் தூக்கத்துக்கு உதவும் பொருட்கள் அடங்கிய ஒரு பை. உள்ளே சின்ன இரவு விளக்கு, லாவெண்டர் வாசனைப் பொட்டலம் மாதிரி எளிய பொருட்கள். கூடவே, உன் உடம்பு ஏன் இப்படி ஆகியிருக்கிறது, இது பைத்தியமும் இல்லை, சோம்பலும் இல்லை என்று பொறுமையாக விளக்கம். உடல் கடிகாரத்தைத் திருப்பி வைக்க இருக்கும் நல்ல சாவிகளில் ஒன்று காலை வெளிச்சம். அதனால் கத்தி எழுப்புவதைவிட, காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு அவனோடு நடக்கப் போவது பலன் தரும்.

இன்னொரு வேடிக்கை. மூன்று வயதைத் தாண்டிய வளர்ப்புப் பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்கிறது இங்கிலாந்து விதி. பாதுகாப்புக்காக வந்த நல்ல விதி. ஆனால் கூடாரத்தில் பத்துப் பேர் மூச்சு சத்தத்துக்கு நடுவே உறங்கியவனுக்கு, சாத்திய கதவும் இருட்டும் நிசப்தமும்தான் பெரிய பயம். கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். சில பிள்ளைகள் கட்டிலை விட்டுத் தரையில், ஷூவைக்கூடக் கழற்றாமல் படுக்கிறார்கள். அறைக்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் வளர்ப்புப் பெற்றோருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே நடைவழி விளக்கை அணைக்காமல் விடுவதா, கதவை எவ்வளவு திறந்து வைப்பது என்று அவனையே கேட்கச் சொல்கிறார்கள்.

யோசித்தால் இந்தப் பயிற்சியில் பாதி, நல்ல பெற்றோருக்கு இருக்கும் அனிச்சைகளைக் கழற்றி வைப்பதுதான். "என்னப்பா நடந்துச்சு, சொல்லு" என்று கேட்பதுகூட. அந்தக் கதையை அவன் வழக்கறிஞரிடமும் உள்துறை அதிகாரியிடமும் சொல்லியாக வேண்டும். இடத்துக்கு இடம் வரிசை மாறினால், பொய் சொல்கிறான் என்று சந்தேகம் வரும். வளர்ப்புப் பெற்றோரோ தினமும் குறிப்பேடு எழுதுகிறவர்கள்; அவர்களிடம் சொன்னதும் அதில் இன்னொரு பதிவாகிவிடும். அவனாகச் சொன்னால் கேட்கலாம், கிளறக் கூடாது.

பயிற்சியே இல்லாத காலமும் இருந்தது. 1938 டிசம்பர் முதல் 1939 செப்டம்பர் வரை சுமார் 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதர்கள், நாஜிகளிடமிருந்து தப்பி பிரிட்டன் வந்தார்கள். அவர்களை ஏற்றுக்கொண்ட குடும்பங்களிடம் நல்ல மனசு இருந்ததா என்று பார்த்ததே பெரிது. சிலர் சொந்தப் பிள்ளையாக வளர்ந்தார்கள், சிலர் வீட்டு வேலைக்காரிகளானார்கள். பிராகிலிருந்து அப்படி வந்த ஆறு வயது ஆல்ஃப் டப்ஸ், 2016இல் பிரபுக்கள் சபையில் இதே மாதிரிப் பிள்ளைகளுக்காகச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். அது தனி அத்தியாயம்.

வயது விசாரணை? இடம் தீர்ந்துவிட்டது. 2003இல் மெர்ட்டன் வழக்கில் வந்த தீர்ப்பிலிருந்து அடுத்த வாரம் தொடங்குகிறேன். அதுவரை ஒன்றை யோசித்து வையுங்கள்: பிறந்த தேதி தெரியாத பிள்ளைகள் பலருக்கு அதிகாரிகள் பதிந்த தேதி ஒன்றேதான், ஜனவரி 1. வீட்டில் அப்படி இரண்டு பையன்கள் இருந்தால் புத்தாண்டன்று எத்தனை கேக் வாங்குவது?

(தொடரும்)