தேவதாஸ்: குடியும் தனிமையும்

1953இல் வேதாந்தம் ராகவய்யா இயக்கி, நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்த ‘தேவதாஸ்’ படத்தைக் குடியின் கதை என்பார்கள். சரத்சந்திரர் 1917இல் வெளியிட்ட வங்க நாவலே அதற்கு மூலம். அந்நாளில் நம் கொள்ளேகால் சென்னை மாநிலத்துக் கோவை மாவட்டத்தில் இருந்தது. 1948 முதல் மாநிலம் முழுக்க மதுவிலக்கு. சமண இல்லறத்தாராகிய எங்களுக்கோ மது, மாமிசம், தேன் மூன்றுமே ஆகாது. ஆனாலும் சொல்கிறேன், படத்தில் குடி பின்னால்தான் வருகிறது. தகப்பனாருக்கு அஞ்சி, பார்வதியைக் கைப்பிடிக்கத் துணியாமல் மனத்தைப் பூட்டிக்கொள்கிறானே, நோய் அங்கேதான் ஆரம்பம். சந்திரமுகி அன்பு காட்டியும் அந்தப் பூட்டு திறக்கவில்லை. கடைசியில் பார்வதி வீட்டு வாசலில் அநாதையாகச் சாகிறான். கடையைச் சர்க்கார் மூடலாம். மனத்தைத் திறக்க வைப்பது வீடுதான். ஊர்விட்டு வந்து வாழும் நாம் பிள்ளைகளிடம் மார்க்கை மட்டும் விசாரித்தால் போதுமா? மனசையும் விசாரியுங்கள்.