28 டிகிரியில் தடுமாறும் துடிப்பு

ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1960களின் தொடக்கத்தில் டாக்டர் என். கோபிநாத், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இதயத்தைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார். இந்தியாவின் முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று.

அந்த இயந்திரம் வருவதற்கு முன் மருத்துவர்கள் நம்பியது குளிரை. உடல் குளிர்ந்தால் ஆக்சிஜன் தேவை குறையும். 28 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய பாதியாகிவிடும். 1952 செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் மினசோட்டாவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் குளிர்விக்கும் போர்வையால் சுற்றி அந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் ஜான் லூயிஸ் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, இதயத்திலிருந்த ஓட்டையை ஐந்தரை நிமிடத்தில் தைத்து மூடினார். பிறகு சிறுமியை வெந்நீர்த் தொட்டியில் கிடத்திச் சூடேற்றினார்கள். அவள் பிழைத்தாள்.

28 டிகிரிக்கும் கீழே போக மருத்துவர்களுக்குத் துணிவில்லை. காரணம், காப்பாற்றும் குளிரே துடிப்பைக் குலைக்கும்.

இதயத் தசைச் செல்களின் சுவரில் சோடியமும் பொட்டாசியமும் போய்வரும் வாசல்கள் குளிரில் மந்தமாகின்றன. மின்தூண்டல் தயங்கித் தயங்கிப் பரவுகிறது. முதலில் துடிப்பு மெதுவாகும். 32 டிகிரிக்குக் கீழே மேலறைகள் ஒழுங்கிழக்கலாம். சுமார் 28 டிகிரியிலும் அதற்குக் கீழும் கீழறைகள் வெறுமனே நடுங்கத் தொடங்கும் ஆபத்து அதிகம். வெண்ட்ரிக்குலர் ஃபைப்ரிலேஷன் என்பது இதுதான். ரத்தம் நகராது. கை பட்டாலே அது தொடங்கிவிடக்கூடும். குளிர்ந்த இதயம் மின்அதிர்ச்சிக்கும் எளிதில் பணியாது.

இன்று இதய-நுரையீரல் இயந்திரத்தின் பம்ப் ரத்தத்தை ஓட்டுவதால், பொட்டாசியம் கலந்த கரைசலால் இதயத்தை வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். மகாதமனி வளைவைச் சரிசெய்ய 20 டிகிரி வரைகூட இறக்குவதுண்டு. சூடேற்றும் கட்டம்தான் நெஞ்சைப் பதறவைப்பது. இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட், ரத்தத்தைச் சூடேற்றும் நீரின் வெப்பத்தைப் படிப்படியாகக் கூட்டுவார். அவசரப்பட்டால் ரத்தத்தில் காற்றுக்குமிழ் உருவாகலாம், மூளை அளவுக்கு மீறிச் சூடாகலாம். பொட்டாசியம் அளவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். இதயம் நடுங்கியபடியே விழித்தால், அதன்மேலேயே தட்டுகளை வைத்து 10, 20 ஜூல் அதிர்ச்சி.

வெப்பத்தை இப்படித் துல்லியமாகக் கட்டுப்படுத்த நல்ல கருவிகள் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்தில் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் அமைக்கும் மருத்துவக் கருவிப் பூங்கா இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. மத்திய அரசின் திட்டத்தில் இதற்காகத் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் அடுப்பின் வெப்பத்தைப் பிசகாமல் காப்பது இந்தப் பகுதித் தொழிலாளர்களுக்கு அன்றாட வேலை. ரத்தத்தைக் குளிர்வித்துச் சூடேற்றும் கருவியும், உடலுக்குள் செல்லும் வெப்ப உணரியும் ஒரகடத்தில் உருவாக வேண்டிய பொருட்களின் பட்டியலில் முதலில் இருக்கவேண்டும்.