முள்ளந்தண்டில் நீர் எடுக்கும் பரிசோதனை: எதற்கு அஞ்சத் தேவையில்லை, எதைச் சொல்லியே ஆகவேண்டும்?

'முதுகில் ஊசி ஏற்றினால் இடுப்புக்குக் கீழே இயங்காமல் போய்விடும்' என்ற பேச்சு எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் புதியதல்ல. ஷெல் துண்டோ சன்னமோ முள்ளந்தண்டைத் தாக்கியதால் சக்கர நாற்காலியில் முடங்கியவர்களைக் கண்டு வளர்ந்த மக்களுக்கு இந்தப் பயம் இயல்பானது. ஆனால், இந்தப் பயத்தினால் மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் அனுமதிக்கப்பட்ட பிள்ளைக்குப் பரிசோதனை வேண்டாம் என்று மறுப்பது உயிராபத்தில் முடியலாம்.

வைத்தியர்கள் சுருக்கமாக 'எல்.பி.' என்று சொல்லும் இந்தப் பரிசோதனையை 1891இல் ஜேர்மனிய வைத்தியர் ஹைன்ரிக் குவிங்கே அறிமுகப்படுத்தினார். இன்று உலகெங்கும் வைத்தியசாலை விடுதிகளிலேயே இது செய்யப்படுகிறது.

எதற்காக?

மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. மூளைக்காய்ச்சலா, எந்தக் கிருமி, மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்துள்ளதா, கை கால்கள் திடீரெனச் சோர்ந்ததற்கு நரம்பு அழற்சி காரணமா என்பவற்றை அறிய இந்த நீர் உதவுகிறது. மூளைக்காய்ச்சல் என்று பலமாகச் சந்தேகித்தால் வைத்தியர்கள் மருந்தை உடனே தொடங்கிவிடுவார்கள். ஆனால் சரியான மருந்து எது, எத்தனை நாட்களுக்கு என்பதை இந்த நீரே காட்டித்தரும்.

வளர்ந்தவர் ஒருவரின் உடலில் இந்த நீர் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் உள்ளது. நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கிறது. பரிசோதனைக்கு எடுப்பதோ பெரும்பாலும் இரண்டு தேக்கரண்டிக்கு மேற்படாது. ஒரு மணித்தியாலமளவில் உடல் அதை ஈடுசெய்துவிடும்.

கால் விளங்காமல் போகுமா?

வளர்ந்தவர்களில் முண்ணாண் நாரியின் முதலாம், இரண்டாம் முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்குக் கீழே, மூன்றாம் நான்காம் அல்லது நான்காம் ஐந்தாம் எலும்புகளுக்கு இடையில். அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே உள்ளன. ஊசி நுனி படும்போது அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். சிசேரியனுக்கு விறைப்பு ஊசி போடுவதும் ஏறத்தாழ இதே இடத்தில்தான். நிரந்தரப் பாதிப்பு மிக அரிது.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

முதுகிலோ தலையிலோ ஷெல் துண்டு, சன்னம் இருந்தால், அல்லது முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்து கம்பி பொருத்தியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டுசெல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால், உடலில் உலோகத் துண்டு இருப்பதை அங்கேயும் சொல்ல வேண்டும். அந்த இயந்திரம் வலிமையான காந்தம்.

வாபரின், குளோபிடோகிரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளிசைகள் எடுப்பவர்கள் அதையும் மறைக்கக்கூடாது. நீங்களாக அவற்றை நிறுத்தவும் வேண்டாம். மூளையில் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று சந்தேகித்தால் முதலில் சி.ரி. ஸ்கேன் எடுப்பார்கள்.

என்ன நடக்கும்?

முழங்கால்களை வயிற்றோடு மடக்கி ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். சிலரை உட்காரவைத்துக் குனியச் சொல்வார்கள். தோலைச் சுத்தம்செய்து விறைப்பு ஊசி போடும்போது சற்று எரியும். பிறகு அழுத்துவது போன்ற உணர்வுதான் இருக்கும். காலில் மின்சாரம் பாய்ந்தது போலிருந்தால் அசையாமல் வாயால் சொல்லுங்கள். வைத்தியர் ஊசியின் திசையை மாற்றுவார். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

தடுப்புக்காவலிலோ விசாரணையிலோ துன்புறுத்தப்பட்டவர்களுக்கு, சட்டையை உயர்த்தி முதுகைக் காட்டிக்கொண்டு கிடப்பதே பதற்றத்தைக் கிளப்பலாம். நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. 'பின்னால் ஆள் நின்றால் எனக்குப் பதற்றம் வரும், ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்யுங்கள்' என்றால் போதும். உட்கார்ந்த நிலையில் செய்யமுடியுமா, உறவினரோ பெண் தாதியோ அருகில் நிற்கலாமா என்றும் கேட்கலாம். வைத்தியர் பேசுவது விளங்காவிட்டால், தமிழில் விளக்கக் கேட்ட பின்னரே சம்மதப் படிவத்தில் கையொப்பமிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

எழுந்தால் கூடி, படுத்தால் குறையும் தலையிடி சிலருக்கு வரும். 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, வழமையான ஊசியில் 100 பேரில் சுமார் 11 பேருக்கும், நுனி மழுங்கிய ஊசியில் சுமார் 4 பேருக்கும் இத்தலையிடி ஏற்பட்டது. நீண்டநேரம் படுத்திருப்பது இதைத் தடுப்பதில்லை. பெரும்பாலும் சில நாட்களில் தானாகக் குறையும். பரசிற்றமோல், போதிய நீராகாரம், கோப்பி உதவலாம். குறையாவிட்டால் வைத்தியசாலையில் வேறு சிகிச்சை உண்டு.

ஆனால் காய்ச்சல், கழுத்து விறைப்பு, கால் சோர்வு அல்லது மரப்பு, சிறுநீர் போகாமை, கூடிவரும் முதுகுவலி, ஊசி போட்ட இடத்தில் நீரோ இரத்தமோ கசிதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். குருக்கள்மடம் பகுதியினருக்குக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை அருகில் உள்ளது; வாகனம் இல்லாதவர்கள் 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கலாம். வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குத் திரும்புபவர்கள், இரவில் அவசரம் வந்தால் எந்த வழியால் வருவது என்பதை வைத்தியசாலையிலிருந்து புறப்படும் முன்பே தீர்மானித்துக்கொள்வது நல்லது.