சில்லு வைச்ச வீட்டுக்கு எது விலாசம்?

மில்லிக்கன் வீட்டை வித்துப்போட்டு மோட்டார் ஹோமில் கனடா சுற்ற நானும் மனைவியும் முடிவெடுத்தோம். நண்பர் ஒருவர், "அல்பேட்டா விலாசம் எடுங்கோ, விற்பனை வரி 5 வீதம்தான்" என்றார். ஒன்ராறியோவில் 13 வீதம், ஆசை வந்தது.

ஆனால் அல்பேட்டாவின் மருத்துவக் காப்புறுதிக்கு 12 மாதத்தில் 183 நாட்கள் அங்கே தங்கவேண்டும். ஒன்ராறியோ சுகாதார அட்டைக்கு 153 நாட்கள். நிரந்தர வீடும் இங்கேயே இருக்கவேண்டும். எனக்கு இருதயக் கோளாறு, வைத்தியரும் இங்கேதான்.

"அப்பா, கீழ் அறை உங்களுக்குத்தான்" என்றாள் ஸ்காபரோ மகள். மழை, பனிக்காலத்தை அங்கே கழிக்கிறோம். சாரதி அனுமதிப்பத்திரத்தில் விலாசத்தை 6 நாளுக்குள் மாற்றினோம். நாட்களைக் கலண்டரில் குறிக்கிறோம். நீங்களும் வீட்டை விற்க முன்னம் நாட்களை எண்ணிப் பாருங்கோ.