தடையிலா வாணிகமும் கமக்காரரும்

நாடுகள் தம்முட் பொருள்களைத் தீர்வையின்றியோ குறைந்த தீர்வையுடனோ மாற்றிக்கொள்ள உடன்படுவதே தடையிலா வாணிக ஒப்பந்தமாகும். மலிவாக விளைவிப்பவர் விளைவிக்க, ஏனையோர் வாங்கி உண்ணலாம் என்பர் பொருளியலார். ஏட்டளவில் இது செம்மையே. ஆயின், ஒரு போகம் நட்டமுற்ற சிறு கமக்காரனுக்கு மறு போகத்துக்கு விதை வாங்கவும் முதலிராது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மெக்சிக்கோவின் அனுபவம் இதனை விளக்கும். சோளம் முதன்முதற் பயிரான நாடு அது. மக்களின் அன்றாட உணவும் சோள உரொட்டியே. ஐக்கிய அமெரிக்காவோடும் கனடாவோடும் அது செய்த வட அமெரிக்க ஒப்பந்தம் 1994 சனவரி முதலாந் தேதி நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுக் கமக்காரர் தம்மை ஆயத்தஞ் செய்தற்பொருட்டுச் சோளத்துக்கு 15 ஆண்டுத் தவணை வகுக்கப்பட்டது. முதலாண்டில் 25 இலட்சம் தொன் தீர்வையின்றி வரலாம். மிகுதிக்கு 215 வீதத் தீர்வை. அத்தீர்வை படிப்படியாகக் குறைந்து 2008இல் முற்றாக நீங்கும்.

வேலி நன்றே, காவல்தான் இல்லை. உணவு விலையைத் தாழ்த்த விரும்பிய அரசு, வரையறைக்கு மேல் வந்த சோளத்துக்கும் அத்தீர்வையை அறவிடாது விட்டது. அமெரிக்க அரசின் மானியத்தால் விளைந்த சோளம் சந்தையில் நிறைந்தது, விலை வீழ்ந்தது. நீர்ப்பாசனமுள்ள வடபுலத்துப் பெருங் கமக்காரர் தாக்குப்பிடித்தனர். நாட்டின் மொத்த விளைச்சலும் குறையவில்லை. மழையை நம்பிய மலைநாட்டுச் சிறு கமக்காரரே நலிந்தனர். பலர் ஊரைவிட்டு வேலை தேடிச் சென்றனர். பின்னர், அமெரிக்காவிற் பெருமளவு சோளம் எரிபொருள் வடிக்கச் செலவாகி விலையேறியபோது, 2007 சனவரியில் உரொட்டி வாங்குவோரும் வீதியில் இறங்கி முறையிட்டனர்.

இப்பாடம் நமக்கு முற்றும் புதிதன்று. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் செழித்த யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கை, 1977இல் அரசின் கொள்கை மாறி வாயில் திறக்கப்பட்டதும் தளர்ந்தது. அது ஒப்பந்தத்தின் விளைவன்று. எனினும், அங்கும் கமக்காரனுக்குத் தவணை கிட்டவில்லை. கட்டுப்பாட்டுக் காலத்தில் உண்போர் பட்ட இன்னலும் மறுத்தற்கரியதே. ஆதலின், வாயிலை என்றும் அடைத்து வைப்பீர் என நாம் கூறோம்.

2024 பெப்ரவரியில் இலங்கை தாய்லாந்தோடும் இத்தகைய ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டுள்ளது. நம் மாணவருட் சிலர் நாளை இவற்றை வரையும் மேசையில் அமரக்கூடும். தீர்வை எத்துணை குறையும் என்று கேட்பதோடு அவர் அமைதல் வேண்டா. தவணை எத்துணை, அதனைக் காப்பவர் யார், அதற்குள் கமக்காரனுக்கு நீரும் கடனும் நல்விதையும் சேருமா என்பவற்றையும் கேட்பாராக.